பழைய டிஸ்க்கிலிருந்து ஒரு படம்

எங்கள் லேப்டாப் ஒரு சனிக்கிழமை காலையில் படுத்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் எங்கள் படம் ஓடப்போகிறது என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தோம்.

படம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வல்லம் வடகால் என்ற ஊரில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த நாங்களும் பக்கத்து ஹாஸ்டல் பெண்களும் சேர்ந்து, வார லீவுகளில் செல்போனில் எடுத்த குறும்படம். எல்லோருமே ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள். நான் காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டும் லைனில் இருந்தேன். எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே குறைவு. ஊர்தான் பெயர். என்னை சங்கரன்கோவில் என்பார்கள். என்னோடு ஒரே அறையில் இருந்தவள் நாகர்கோவில்.

படத்தின் கதையே அவளிடமிருந்து வந்ததுதான். அவள் கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தவுடன் தூங்கிவிடுவாள். ஒருநாள் காலையில் அவசரத்தில் வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறி, தூங்கி, அந்தக் கம்பெனி கேட்டில் போய் இறங்கியிருக்கிறாள். யூனிஃபார்ம் நிறம் கிட்டத்தட்ட ஒன்று. காவலாளிக்கே சந்தேகம் வரவில்லையாம். அங்கிருந்து ஓடி வந்த கதையை அவள் அறையில் நடித்துக் காட்டியபோது நாங்கள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். அப்படியே உள்ளே போய் ஒரு ஷிப்ட் முழுக்க வேலை பார்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் கேட்டேன். அதுதான் படம். ‘இறங்க மறந்தவள்’ என்று பெயர் வைத்தோம். கதாநாயகி அவளேதான்.

அவளைக் கண்டுபிடிக்கும் சூப்பர்வைசராக நடித்தது எங்கள் வீட்டுக்கார அக்கா. கீழ்வீட்டில் இருப்பவர். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. குரல் கனமானது. அவர் படியேறி வந்து “மோட்டார நிறுத்தலியா?” என்று கேட்டாலே சுவிட்சை நோக்கி ஓடுவோம். அந்தக் குரலுக்காகத்தான் அவரைக் கேட்டோம். அவருடைய தம்பி புதிதாகக் கட்டிய ஷெட் ஒன்று மெஷின் வருவதற்கு முன்பு காலியாக இருந்தது. அங்கே அவர் காட்சியை எடுத்து முடித்தோம். படத்தின் உச்சமே அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போட முடியாது. நடித்தவர்களில் பாதிப்பேருக்கு டிரெயினிங் காலம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு தென்காசிக்கும் பரமக்குடிக்கும் புறப்படுகிறார்கள். பக்கத்துச் சர்ச் இளைஞர்கள் புரொஜெக்டரைக் கொடுக்கச் சம்மதித்ததும் அந்த ஒரு நாளுக்குத்தான்.

சனிக்கிழமை கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, வெட்டி ஒட்டிய காட்சிகளை ஒரே முழுப்படமாக மாற்றிவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். நீலத் திரை வந்தது. அதில் ஒரு சோக முகம். ரிப்பேர் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று வட்டம் சுற்றியது. அணைந்தது. திரும்பவும் நீலம். அதே சோக முகம்.

“ஏட்டி, இங்க வா. ஓடி வா!”

நாகர்கோவில் வாளியில் ஊறவைத்த யூனிஃபார்மை அப்படியே போட்டுவிட்டு, சோப்புக் கையோடு வந்தாள். “என்னட்டி, பாம்பு கீம்பு வந்துட்டுதா?”

நான் திரையைக் காட்டினேன். அவள் சோப்புக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அது சுற்றுவதையும் அணைவதையும் பார்த்தாள்.

“படம் இதுக்குள்ளதான கிடக்கு?”

“இதுக்குள்ள மட்டும்தான் கிடக்கு.”

போனில் எடுத்ததை உடனுக்குடன் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவது எங்கள் வழக்கம். அடுத்த காட்சி எடுக்க இடம் வேண்டுமே. அதனால் வேறெங்கும் பிரதி கிடையாது. நான் திரும்பத் திரும்பப் பட்டனையே அழுத்திக்கொண்டிருந்தேன். அவளோ துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றாள்.

“கிளம்பு. இதையே பாத்துட்டு இருந்தா அது சிரிக்கவா போவுது?”

ஷேர் ஆட்டோவில் ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் போனோம். பாலத்தடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்று அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தது. கடைக்காரர் லேப்டாப்பை ஆன் செய்து, ஏதேதோ பட்டன்களை அழுத்திப் பார்த்தார்.

“சிஸ்டம் பூடுச்சுமா. ஃபார்மட் அடிச்சி புதுசா போட்டுட்டா எடுத்துகினு போலாம்.”

“வேண்டாம்!” நாங்கள் இருவரும் ஒரே குரலில் கத்தியதில், பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “இன்னா கீது உள்ள? கல்யாண போட்டோவா?”

“சினிமா” என்றாள் நாகர்கோவில். “எனக்க சினிமா. நாளைக்கு ரிலீசு.”

அவர் நம்பவில்லை. ஆனால் சுவாரசியம் வந்துவிட்டது. லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றி, உள்ளேயிருந்த டிஸ்க்கை எடுத்து ஒரு ஒயரில் மாட்டி, காதருகே வைத்துக் கேட்டார். எங்களுக்கும் கேட்கக் கொடுத்தார். மெல்லிய சுழலும் சத்தம். நடுநடுவே ஒரு சின்ன ‘டக்’.

“சிஸ்டம் பூட்டாலும் ஃபைல் போவல. ஆனா இந்த டிஸ்க்கு ரொம்ப நாள் ஓடாது. ஒண்ணு பண்ணலாம். புது டிரைவ் ஒண்ணு உள்ள போட்டு, அதுல சிஸ்டம் ஏத்தித் தரேன். பழசை ஒரு கேஸ்ல போட்டுத் தரேன். பென்டிரைவ் மாதிரி வெளியிலேருந்து சொருகி, வேணும்ன்றத புதுசுக்கு இழுத்துக்கோ. இன்னிக்கே இழுத்துடு. ஆட்டாத, கீழ போடாத. சூடு ஏறுச்சுன்னா ஃபேன வெய்யி.”

புது டிரைவ் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் இருந்தது. உள்ளே சுற்றும் பாகம் எதுவும் கிடையாதாம். அவர் அதை மாட்டி, சிஸ்டத்தை ஏற்றி முடிக்கும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம். முடிந்ததும் என்னையே ஆன் செய்யச் சொன்னார். முன்பெல்லாம் பட்டனை அழுத்திவிட்டு நான் பல் தேய்த்துவிட்டு வருவேன். இப்போது அழுத்திய விரலை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. சோக முகம் இல்லை. எதுவுமே இல்லாத, கழுவித் துடைத்த மாதிரி ஒரு திரை. நாகர்கோவில் என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். வலித்தது. நானும் திருப்பித் தட்டினேன்.

திரும்பி வரும்போது பழைய டிஸ்க்கை அவள் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கன்டெய்னர் லாரிகள் நசுக்கிப் போட்ட சாலை. ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்னாலும் “அண்ணே, மெள்ள, மெள்ள” என்றாள். ஆட்டோக்காரர் கடைசியில், “பச்சக்கொழந்தையா வெச்சிகினு கீற?” என்று கேட்டேவிட்டார்.

அறைக்கு வந்து ஒயரைச் சொருகினால் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு. ஒரகடத்தில் கரண்ட் இருந்ததால் எங்கள் பக்கத்துக்கு அன்றைக்கு நிறுத்தம் என்பதையே மறந்திருந்தோம். அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுகாலமாகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் அடுத்த நொடி அணைந்துவிடும்.

“கீழ இன்வர்ட்டர் இருக்கு” என்றேன்.

“அக்காட்ட நீயே கேளு. எனக்குப் பயம்.”

கீழே போனால் அக்கா தலையில் டை பூசிக்கொண்டு, பழைய துண்டைத் தோளில் போட்டபடி ஹாலில் உட்கார்ந்திருந்தார். நாளைக்குத் திரையில் வரப்போகிறவர் அல்லவா. நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து டிவியை அணைத்தார். ஃபேனையும் அணைத்தார்.

“டிவி பாயின்ட்ல சொருகு. வேற ஒண்ணும் ஓட வேணாம். என் தலைய மட்டும் தொடாதீங்க, கறை ஒட்டும்.”

டிவி மேசையில் லேப்டாப்பை வைத்தோம். பழைய டிஸ்க்கைச் சொருகியதும் அதன் பெயர் திரையில் வந்தது. திறந்தேன். என் பெயரிட்ட ஃபோல்டரைத் தொட்டால், ‘இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது.

“ஒனக்க ஃபோல்டருக்கு ஒனக்கே அனுமதி இல்லியா?” நாகர்கோவிலுக்குக் கோபம் வந்துவிட்டது.

பழைய சிஸ்டத்தின் பூட்டு அது. புதிய சிஸ்டத்துக்கு நான் யாரோ. கீழே ‘கன்டினியூ’ என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன். மேலே பச்சைக் கோடு ஒன்று நத்தை மாதிரி நகர்ந்தது. மூவரும் அதையே பார்த்தோம். கோடு ஓரத்தைத் தொட்டது. ஃபோல்டர் திறந்தது. உள்ளே எல்லாம் இருந்தன! வரிசை வரிசையாக மஞ்சள் ஃபோல்டர்கள்: என் அக்காவின் கல்யாணம், சர்டிஃபிகேட், பாட்டு, டிப்ளமா புராஜெக்ட், பிறகு ‘ஷூட்டிங்’.

“சர்டிஃபிகேட்ட மொதல்ல எடுட்டி. அதுதான் சோறு போடும்” என்றாள் நாகர்கோவில்.

“சர்டிஃபிகேட் ஒரிஜினல் பெட்டியில இருக்கு. படத்துக்கு ஒரிஜினலே இதுதான்.”

ஷூட்டிங் ஃபோல்டரை இழுத்துப் புதிய டிரைவில் போட்டேன். காப்பி ஓட ஆரம்பித்தது. எவ்வளவு நேரமாகும் என்று கணக்கு காட்டியதே, அதைப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். பத்து நிமிஷம் என்றது, பிறகு ஒரு நாள் என்றது, பிறகு அரைமணி. டிஸ்க்கில் கை வைத்தால் சுட்டது. ஃபேன் போட இன்வர்ட்டரில் தெம்பு இருக்குமா என்ற பயத்தில், அக்கா ஒரு காலண்டர் அட்டையை எடுத்து வந்து விசிற ஆரம்பித்தார். தலையில் டை, கையில் அட்டை, கண் திரையில். ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. நாகர்கோவில் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தாள். “பஸ் ஒண்ணு வந்தாச்சு. பஸ் ரெண்டு வந்தாச்சு. கேட்டு சீன் வந்தாச்சு. நான் தூங்குறது வந்தாச்சு!”

“இன்னும் என்னுது வரல?” என்றார் அக்கா.

அப்போதுதான் டிஸ்க் ‘டக் டக்’ என்றது. காப்பி நின்றது. இந்த ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. பெயரைப் பார்த்தேன். சூப்பர்வைசர்.

‘ட்ரை அகெய்ன்’ அழுத்தினேன். டக் டக். திரும்ப அழுத்தினேன். அதே பெட்டி. ஒவ்வொரு முறையும் சத்தம் கொஞ்சம் கூடிக்கொண்டே போனது. இன்னும் வரவேண்டிய காட்சிகள் பின்னால் நின்றன. கடைசிக் காட்சி உட்பட.

நாகர்கோவில் என் காதருகே குனிந்தாள். “விட்டுட்டுப் போ பிள்ளே. ஒண்ணுக்காவ மத்ததையும் இழக்காண்டாம்.”

நான் ‘ஸ்கிப்’பை அழுத்தினேன். உடனே காப்பி பிய்த்துக்கொண்டு ஓடியது. மிச்சமிருந்த காட்சிகள் எல்லாம் வந்து விழுந்தன. படத்தை வெட்டி ஒட்டி வைத்திருந்த புராஜெக்ட் ஃபைலும் வந்தது. பிறகு சர்டிஃபிகேட், கல்யாண போட்டோ, டிப்ளமா எல்லாவற்றையும் எடுத்தேன். கடைசியாக மறுபடி அந்த ஒரு ஃபைலிடம் போனேன். டிஸ்க் நீளமாக ஒருமுறை முனகியது. பிறகு சத்தமே இல்லை. திரையிலிருந்து அதன் பெயரும் மறைந்துவிட்டது. எவ்வளவு சொருகிப் பார்த்தும் அது திரும்பி வரவில்லை.

அக்காவின் கை விசிறுவதை நிறுத்தியது. “இன்னாச்சு?”

சொன்னேன். அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அல்லாரும் கீறீங்க. நான் மட்டும் இல்ல?”

“அக்கா…”

“வாலாஜாபாத்லேருந்து என் தங்கச்சி வூட்டுல எல்லாரும் வேன் புடிச்சி வராங்கடி.”

அவர் எழுந்து தலையை அலசப் போய்விட்டார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மறுபடி எடுக்கலாமென்றால் அந்த ஷெட்டில் இப்போது மெஷின் ஓடுகிறது, ஆள் நிற்கிறார்கள். நாங்கள் இருவரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி மாடிக்கு ஏறினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடிட்டிங் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றி, புராஜெக்டைத் திறந்தேன். திரை முழுக்க ரத்தச் சிவப்பு. ஒரு காட்சியையும் காணோம், ஃபைல் கிடைக்கவில்லை என்றே ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியிருந்தது. நாகர்கோவில் தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் விஷயம் பிடிபட்டது. ஃபைல்கள் புது இடத்துக்குக் குடிவந்துவிட்டன. புராஜெக்ட் இன்னும் பழைய விலாசத்தில் தேடிக்கொண்டிருக்கிறது. முதல் காட்சி இருக்கும் ஃபோல்டரைக் காட்டிக்கொடுத்தேன். அவ்வளவுதான். அதே ஃபோல்டரில் இருந்த மற்றவற்றையும் அதுவே கண்டுபிடித்துக்கொண்டது. சிவப்புக் கட்டங்கள் பட்பட்டென்று மாறி பஸ், கேட், டீ பிரேக், தூங்கும் முகம் என்று வரிசையாக நிரம்பின. நாங்கள் குதித்த குதியில் கீழே கூரை அதிர்ந்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு கட்டம்தான் சிவப்பாகவே நின்றது.

‘இங்கே சூப்பர்வைசர் அவளைக் கண்டுபிடிக்கிறார்’ என்று ஒரு அட்டையில் எழுதிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அக்காவின் வசனத்தையும் அதிலேயே எழுதிவிடலாம். அதை டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. கூரை அதிர்ந்ததைக் கேட்கப் படியேறி வந்தவர், திரையை எட்டிப் பார்த்திருக்கிறார்.

“இன்னாது? என் டயலாக்க எழுதிப் போடப் போறியா?”

“வேற வழி தெரியலக்கா.”

“ஏன், நான் உசுரோடதான கீறேன்?” இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “டிஸ்க்குலதான் காணோம். எனக்கு மனப்பாடமா கீது. அந்த எடம் வந்தா சொல்லு, நானே எழுந்து பேசிக்கிறேன்.”

நாகர்கோவில் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அப்படியே போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். “நானும் வாறேன்க்கா. நான்தான எதுத்தாப்புல நிக்கணும்!”

சாயங்காலம் மொட்டை மாடியில் கால் வைக்க இடமில்லை. ஹாஸ்டல் பெண்கள் தலையணையோடு வந்திருந்தார்கள். வாலாஜாபாத் வேனில் வந்தவர்கள் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கம்பெனியின் விளக்குகள் எரிய ஆரம்பித்தபோது தண்ணீர்த் தொட்டிச் சுவரில் படத்தை ஓடவிட்டேன். தங்கள் முகம் வந்தவுடன் ஒவ்வொருத்தியும் கூவினாள். நாகர்கோவில் தூங்கி விழும் காட்சியில் பின்னாலிருந்து யாரோ, “இது நடிப்பே இல்ல!” என்று கத்தினார்கள்.

பிறகு அந்தக் கட்டம் வந்தது. அதில் நான் போட்டிருந்த வெள்ளைத் திரையில் படத்தை நிறுத்தினேன். சுவர் வெள்ளையாக நின்றது. ஒருத்தி, “படம் கட்டாயிடுச்சா?” என்றாள்.

அக்கா கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்தார். சேலைக்கு மேல் சூப்பர்வைசர் கோட்டு. புரொஜெக்டர் வெளிச்சத்துக்குள் நடந்து போனார். அவருடைய நிழல் தொட்டிச் சுவர் முழுக்க விழுந்தது. எதிரே நாகர்கோவில் யூனிஃபார்மில் வந்து நின்றாள்.

“நீ எந்த லைனு?”

“தெரியாது மேடம்.”

“எந்த கம்பெனி?”

“அதும் தெரியாது மேடம்.”

சிரிப்பில் மாடி குலுங்கியது. அக்கா சிரிக்கவே இல்லை. வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டு வந்தார். இன்றைக்கு இந்த லைனில் ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகாமல் வேலை பார்த்தது நீ ஒருத்திதான் என்பது வரைக்கும். அதற்கப்புறம் நான் எழுதியிருந்தது, ‘வெளியே போ’ என்று அவர் கேட்டைக் காட்டுவதாக. அக்கா கையை நீட்டினார். ஆனால் கேட்டைக் காட்டவில்லை. அந்தக் கையை நாகர்கோவிலின் தோளில் வைத்தார்.

“தூக்கம் வந்தா தூங்குமா. எறங்கற எடம் வந்தா நான் எழுப்பறேன்.”

நாகர்கோவிலுக்கு அடுத்த வசனம் மறந்தே போய்விட்டது. அவள் வெறுமனே தலையை ஆட்டினாள். எனக்கும் படத்தை மறுபடி ஓடவிட வேண்டுமென்பதே சற்று தாமதமாகத்தான் உறைத்தது. பட்டனை அழுத்தினேன். கடைசிக் காட்சியில் பஸ்ஸின் கடைசி சீட்டில் அவள் தூங்கிக்கொண்டிருக்க, ஒரு கை மட்டும் வந்து தோளைத் தட்டுகிறது. அது யார் கை என்று படத்தில் நாங்கள் சொல்லவில்லை, கண்டக்டராக இருக்கலாம் என்றுதான் எடுத்தோம். இப்போது எல்லோருக்கும் அது யார் என்று தெரிந்துவிட்டது. விசில் சத்தத்தில் தெருநாய்கள் குரைக்க ஆரம்பித்தன.

இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டேன். இரண்டாம் தடவை அக்கா கூட்டத்துக்குள்ளேயே நடந்து போய், மோட்டாரை நிறுத்த மறப்பவர்களையெல்லாம் சூப்பர்வைசராகவே ஒரு பிடி பிடித்தார். அவர் தங்கச்சி பாயில் புரண்டு சிரித்தார்.

திங்கட்கிழமை காலையில் ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியோடு எங்கள் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். புது டிரைவிலிருந்து ஒவ்வொருத்தி போனுக்கும் படத்தை ஏற்றிக் கொடுத்தேன். அக்கா மாடியில் பேசியதை ஹாஸ்டல் பெண் ஒருத்தி போனில் பிடித்திருந்தாள். அதையும் நடுவில் சேர்த்திருந்தேன். பாதிப்பேர் போனில் இடமில்லை. எதை அழிப்பது என்று படியில் உட்கார்ந்து யோசித்தார்கள். பரமக்குடிக்காரி மட்டும் யோசிக்கவே இல்லை. கல்யாணம் வரை வந்து நின்றுபோன ஒருத்தனின் போட்டோக்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எங்கள் எல்லோர் முன்னாலும் அழித்தாள். கைதட்டினோம். “இப்ப படத்த ஏத்து” என்று போனை என்னிடம் நீட்டினாள்.